மேற்கோள் குறியை எடுத்துவிட்டால் அதன் வேலையை யார் பார்ப்பது?

வாசகர் கேள்வி:

"காசிமேட்டில் வசிக்கிறேன், வயது 27. முதல் தடவையாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன், சுமார் 4,000 சொற்கள். 2019-ல், மீன்பிடித் தடைக்காலம் முடியும் சமயத்தில் நடக்கிற கதை. மீன் விற்கிற ஆயாவைப் பற்றி அவருடைய பத்து வயதுப் பேத்தி சொல்கிறாள். எங்கள் தெருவில் பேசுகிற மாதிரியே முழுக்க எழுதினேன். மேற்கோள் குறி எங்குமே கிடையாது. ஏலம் நடக்கும் இடத்தில் 340 சொற்களுக்கு முற்றுப்புள்ளி இல்லை. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'பிழைகள் மிகுதி. காலம் மயங்குகிறது. யார் பேசுகிறார் என்று புரியவில்லை. கதையைப் பொதுத்தமிழில் எழுதி, உரையாடலை மட்டும் பேச்சுவழக்கில் வையுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய எழுத்தாளர்கள் எல்லாருமே விதியை மீறியவர்கள்தானே? எந்த விதியை மீறலாம், எதை மீறக் கூடாது? திருத்தக் குறிகளோடு வந்த பிரதியையும் இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள தோழிக்கு,

கதையை முழுக்கப் படித்தேன். பேத்தியின் வாயில் பொதுத்தமிழைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை 'நான் ஆயாவின் அருகில் அமர்ந்தேன்' என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கதை செத்துவிடும். கதைசொல்லி பொதுத்தமிழிலும், மீன் விற்பவர்கள் மட்டும் பேச்சுத்தமிழிலும் இருந்தால், சொல்பவர் மேலேயும் சொல்லப்படுகிறவர்கள் கீழேயும் நிற்கிற தோற்றம் தானாக வந்துவிடுகிறது. உங்கள் கதைக்கு அது வேண்டவே வேண்டாம். அந்த ஒரு யோசனையில் பத்திரிகையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் யார் பேசுவது என்று புரியவில்லை, காலம் மயங்குகிறது என்று அவர்கள் சொன்ன இரண்டும் உண்மை.

மீறலாம், மீறக் கூடாது என்று விதிகளை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்கிறீர்கள். அப்படிப் பிரிக்க முடியாது. எழுத்தில் உள்ள ஒவ்வொரு விதியும் வாசகருக்காக ஏதோ ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேற்கோள் குறி, பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. முற்றுப்புள்ளி, ஒரு செய்தி முடிந்தது, மனதில் இறக்கி வைக்கலாம் என்கிறது. ஒரே காலத்தில் எழுதுவது, எது முன்னால் எது பின்னால் என்பதைக் குழப்பாமல் வைக்கிறது. ஒரு விதியை எடுக்கும்போது, அது பார்த்த வேலையை வேறு எது பார்க்கப் போகிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் தாராளமாக மீறுங்கள். முடியாவிட்டால் வாசகர் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நம் இலக்கணமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழும் மயங்கினால் வழு, அதாவது பிழை, என்கிறது நன்னூல். காரணம் இருந்தால் அதே மயக்கத்தை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. காரணம் என்னென்ன என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இவற்றால் திணையும் பாலும் மாறலாம். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது இந்த வகை. உங்கள் ஆயா பேத்தியை 'வாடா கண்ணு' என்று கூப்பிடுகிற இடத்தில் பத்திரிகையில் வட்டம் போட்டு 'வாடி' என்று திருத்தியிருக்கிறார்கள். அதைத் தொட வேண்டாம். உவப்பினால் வந்த பால் வழுவமைதி அது. வடசென்னையில் பெண் பிள்ளையை 'வாடா' என்று கொஞ்சாத வீடு எது?

இனி உங்கள் பிரதிக்கு வருவோம்.

மீன் அங்காடிக் காட்சியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

ஆயா கூடைய எறக்கி வச்சா இன்னிக்கி இன்னா ரேட்டுக்குப் போச்சு சங்கரா கெட்டுப் போறதுக்குள்ள வித்தாவணும் மேரியக்கா சிரிச்சா தடைக்காலம் முடியட்டும் அப்பால பாரு எனக்குப் பசிக்குது.

(சங்கரா ஒரு மீன்.) விலை கேட்டது யார், ஆயாவா மேரியா? 'வித்தாவணும்' என்பது பேச்சா, ஆயாவின் மனசில் ஓடியதா? 'எனக்குப் பசிக்குது' என்று சொல்வது பேத்தியா, மேரியக்காவா? மூன்று முறை படித்தாலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. மேற்கோள் குறி இல்லாததை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கதைசொல்லி பொதுத்தமிழில் பேசியிருந்தால், குறி இல்லாமலே 'ஆயா கூடையை இறக்கி வைத்தாள்' என்பது கதை, 'இன்னா ரேட்டுக்குப் போச்சு' என்பது பேச்சு என்று மொழியே பிரித்துக் காட்டியிருக்கும். நீங்கள் கதையையும் தெருமொழியில் எழுதினீர்கள். அதனால் அந்த வேறுபாடு போயிற்று. குறியையும் எடுத்தீர்கள். இருந்த இன்னோர் அடையாளமும் போயிற்று. தனித்தனியாக இரண்டுமே செல்லும். இரண்டும் ஒரே வேலையைப் பார்க்கிறவை என்பதால், ஒருசேர எடுத்தபோது அந்த வேலையைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. திரும்பி வருகிற கதைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மீறல் அதிகம் என்பதைவிட, ஒரே வேலையைப் பார்க்கிற இரண்டு விதிகளை எடுத்துவிட்டிருப்பார்கள்.

மேற்கோள் குறி இல்லாமல் எழுதத் தமிழுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. 'என்று', 'ன்னு' என்ற சொல் பேச்சை மூடிக் காட்டும். சிக்கல் என்னவென்றால், அது பேச்சின் கடைசியில் வருகிறது. பதினைந்து சொல்லைக் கதை என்று நினைத்துப் படித்து முடித்த பிறகு 'ன்னா மேரியக்கா' என்று வந்தால், வாசகர் திரும்பப் போய்ப் படிக்க வேண்டியிருக்கும். அதனால் குறியில்லாத பேச்சுக்குத் தொடக்கத்திலேயே ஓர் அடையாளம் தேவை. நம்மிடம் அது தயாராக இருக்கிறது: விளிச்சொல். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே பேசுபவர் தெரிந்துவிடுவார். ஆயா மேரியை 'ஏண்டி' என்பார். மேரி அவரை 'ஆயா' என்பார். பேத்திக்கு மேரி 'மேரியக்கா'. இதே பத்தியை இப்படி வைத்துப் பாருங்கள்:

ஆயா கூடைய எறக்கி வச்சா.
ஏண்டி மேரி, சங்கரா இன்னா ரேட்டுக்குப் போவுது இன்னிக்கி?
மேரியக்கா சிரிச்சா. தடைக்காலம் முடியட்டும் ஆயா, அப்பால பாரு.
அதுக்குன்னு, மேரி? கெட்டுப் போறதுக்குள்ள வித்தாவணுமேடி.
எனக்குப் பசிச்சுது. யாராண்டயும் சொல்லல.

ஒரு குறிகூடப் போடவில்லை. ஆளுக்கு ஒரு வரி, முதல் சில சொல்லுக்குள் விளி, பேச்சு நிகழ்காலத்திலோ ஏவலிலோ இருந்தால் கதை இறந்தகாலத்தில் என்று மூன்று ஏற்பாடு மட்டும் செய்திருக்கிறேன். 'பசிக்குது' என்பதைப் 'பசிச்சுது' ஆக்கியதும் அது பேத்தி நமக்குச் சொல்வது என்று தெளிவாகிவிட்டது. குறியில்லாத பேச்சு ஒன்றரை வரிக்கு மேல் போக வேண்டாம். நீளமாகப் பேச வேண்டிய இடம் வந்தால், 'ஆயா சொன்னா' என்று ஆளை முன்னால் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்தப் பாணி கதை முழுக்கத் தேவையா என்று யோசியுங்கள். வீட்டுக்குள் நடக்கும் இரண்டு காட்சிகளில் நிதானமான நீண்ட பேச்சு இருக்கிறது. அங்கே குறியை எடுத்ததால் எனக்கு எந்த லாபமும் தெரியவில்லை. அங்காடியில் காரணம் இருக்கிறது. அங்கே எல்லார் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது, பிள்ளைக்கு அது ஒரே இரைச்சல். வீட்டில் குறி போட்டு, அங்காடியில் மட்டும் எடுத்தால் வாசகர் அந்த இரைச்சலைக் கண்ணாலேயே கேட்பார். கதை முழுக்க நீடிக்கிற மீறல் முதல் பத்து வரிக்குள் வந்துவிட வேண்டும். தெருமொழி அப்படிப்பட்டது. முதல் வரியிலேயே வையுங்கள். ஒரு காட்சிக்கு மட்டுமான மீறலுக்குத் தெளிவான வாசல் வேண்டும்: இடைவெளி விட்டுப் புதுப் பத்தி, இடம் மாறியது என்று காட்டும் ஒரு வரி. பத்தியின் நடுவில் திடீரென்று குறிகள் காணாமல் போனால், அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

தெருமொழியை எப்படி எழுத்தில் வைப்பது என்பதுதான் உங்கள் பிரதியில் அதிகம் உழைக்க வேண்டிய இடம். இரண்டாம் பக்கத்தில் மட்டும் 'கீது', 'இருக்கு', 'இருக்குது', 'இருக்கிறது' என்று ஒரே பொருளுக்கு நான்கு வடிவங்கள். ஐந்தாம் பக்கத்தில் பேத்தி 'நிலவொளி அலைகளில் தவழ்ந்தது' என்கிறாள். அது அவள் வாயில் வராத வாக்கியம். அடுத்த வரியிலேயே 'ஐஸ் பெட்டியை திறந்து பார்த்தாள்' என்று, ஒற்றும் இல்லாமல், பேச்சாகவும் இல்லாமல் ஒன்று. 'பெட்டியைத் திறந்து பார்த்தாள்' என்றால் எழுத்துத்தமிழ். 'பெட்டியத் தொறந்து பாத்தா' என்றால் பேச்சுத்தமிழ். நீங்கள் எழுதியது இரண்டிலும் சேராது. பேச்சிலும் ஒற்று ஒலிக்கத்தான் செய்கிறது, 'அந்தப் பையன்' என்பதை யாரும் 'அந்த பையன்' என்று பிரித்துச் சொல்வதில்லை. வாய்விட்டுப் படியுங்கள். அழுத்தம் விழுகிற இடத்தில் ஒற்றைப் போடுங்கள். தெரியாமல் விட்ட இந்த மாதிரிப் பிழைகளால் வரும் நஷ்டம் பெரிது. இவற்றைப் பார்த்த பிறகு, நீங்கள் தெரிந்தே செய்த நல்ல மீறலையும் ஆசிரியர் பிழைக்கணக்கில்தான் எழுதுவார்.

ஒரு தாளில் சொற்பட்டியல் போடுங்கள், நாற்பது சொல் போதும். இருக்கிறது என்பதற்குக் 'கீது', இருக்கிறாள் என்பதற்குக் 'கீறா', 'கொண்டு' என்பதற்குக் 'கினு' (சொல்லிக்கினு, பாத்துக்கினு), 'இடம், பக்கம்' என்பதற்கு 'ஆண்ட' (வூட்டாண்ட, கடையாண்ட), 'போது' என்பதற்கு 'சொல்ல' (வரசொல்ல, போவசொல்ல), பிறகு 'அப்பால', 'இன்னா', 'வூடு', 'துட்டு', 'இட்டாந்தா' (கூட்டிக்கொண்டு வந்தாள்). ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துவடிவம். கதை முழுக்க அதுதான். வினைமுடிவும் உருபும் பிசகாமல் வந்துகொண்டிருந்தால் வாசகர் காதில் வடசென்னை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சொல்லின் ஒலியையும் திரித்துக் காட்ட வேண்டியதில்லை. 'அவன் வந்தான்' என்பதில் கடைசி எழுத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூக்கில்தான் ஒலிக்கிறார்கள். அதை எழுதிக்காட்ட நம் எழுத்தில் குறியும் இல்லை, எழுதினால் வட்டாரத்தைக் காட்டவும் போவதில்லை.

ழகரத்தில் கவனம் வேண்டும். பழம் என்பதைப் 'பயம்' என்று எழுதினால் அச்சம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. 'ஆயாவுக்குப் பயம் புடிக்கும்' என்ற உங்கள் வரியில் நான் தடுக்கி நின்றேன். 'வாயப்பயம்' என்றால் தடுமாற்றம் இல்லை. 'அயுதா', 'ஒயுங்கா', 'கெயவி' இவையும் வேறு சொல்லோடு மோதாது. மோதுகிற இடத்தில் ழகரத்தையே விட்டுவிடுங்கள். ஒரு யோசனை: ழகரத்தை யகரமாக்குவதை ஆயாவின் பேச்சுக்கு மட்டும் வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பேத்தியின் கதைசொல்லலில் ழகரம் அப்படியே இருக்கட்டும். இரண்டு தலைமுறைக்கும் உள்ள வித்தியாசமும் அதில் வந்துவிடும், குறியில்லாத பக்கத்தில் ஆயாவின் குரலைப் பிரித்துக் காட்டுகிற இன்னோர் அடையாளமும் கிடைக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. உங்கள் கதையில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வடசென்னை ஒரே பேச்சு கிடையாது. காசிமேட்டு மீனவர் குடும்பம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு, வியாசர்பாடி, சௌகார்பேட்டைக் கடைத்தெரு, ஒவ்வொன்றுக்கும் பேச்சு வேறு. தெலுங்கு பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் அங்கே எத்தனையோ. வயதால் மாறுவதும் உண்டு. ஆயா 'அம்மாம் பெருசு' என்கிற இடத்தில் 2019-ன் இருபது வயதுப் பையன் 'செம பெருசு' என்பான். 'கஸ்மாலம்', 'பேமானி' இரண்டையும் ஐஸ் வண்டிக்காரப் பையன் வாயில் வைத்திருக்கிறீர்கள். அவை சினிமா நகைச்சுவைக் காட்சியிலிருந்து வந்து விழுந்தவை என்று எனக்குப் படுகிறது. உங்கள் தெருவில் அந்த வயதுப் பையன்கள் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதை எழுதுங்கள்.

காலத்துக்கு வருகிறேன். நன்னூல் இதற்கும் இடம் தருகிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு இவற்றால் முக்காலமும் மாறி வரலாம். சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் எழுந்திருக்காமலே 'தோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, பெய்யாத மழையைப் 'பெய்தது' என்பது தெளிவு. உங்கள் ஏலக் காட்சி நிகழ்காலத்துக்குத் தாவ விரைவு என்ற காரணமே போதும். ஆனால் 'ஏலக்காரன் கூவுனான், ஆயா கையத் தூக்குறா, ஒருத்தன் முந்திக்கினான், ஆயா பாக்குறா, அப்பால போனா' என்று ஒரு வாக்கியத்துக்குள் முன்னும் பின்னும் போனால், எது முதலில் நடந்தது என்பதே போய்விடுகிறது. தாவுவதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும், திரும்புவதற்கு ஒரு பொழுதுச்சொல் வேண்டும். 'மொதக் கூடையக் கவுத்தாங்க' என்பதோடு இறந்தகாலத்தை நிறுத்துங்கள். அடுத்த பத்தியில் தொடங்கிக் காட்சி முடியும்வரை எல்லாமே நிகழ்காலம். பிறகு 'வூட்டுக்கு வரசொல்ல மணி ஒம்போது ஆயிட்ச்சு' என்று பழைய காலத்துக்கு வந்துவிடலாம். தாவல் ஒன்று, திரும்பல் ஒன்று. மொத்தக் கதையிலும் இவ்வளவு போதும்.

முற்றுப்புள்ளி இல்லாத 340 சொற்கள். நீளம் தமிழுக்குப் புதிதில்லை. வந்து, பார்த்து, எடுத்து என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போக நம் மொழி இடம் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கோவைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, உங்கள் வாக்கியம் இடறுவது அங்கேதான். 'வந்து', 'போய்', 'தூக்கி' மாதிரியான 'செய்து' வகை எச்சங்களைச் செய்தவர் யாரோ அவரே கடைசி முற்றுவினையையும் செய்ய வேண்டும். 'லாரி வந்து ஆயா எழுந்தா' என்றால் காது ஒப்பாது. 'லாரி வர, ஆயா எழுந்தா' அல்லது 'லாரி வந்ததும் ஆயா எழுந்தா' என்றால் ஒப்பும். 'வர', 'போக' மாதிரியான 'செய' வகை எச்சத்துக்கு வேறு எழுவாய் வரலாம். காரணமும் விளைவுமாக இருந்தால் 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதுபோல முதல் வகையும் செல்லும். உங்கள் ஏலப் பத்தியில் ஆயா, ஏலக்காரன், லாரி, ஐஸ் வண்டி, மேரி என்று ஐந்து எழுவாய்கள் எல்லாம் 'செய்து' எச்சத்தில் நிற்கின்றன. வாசகருக்கு மூச்சு முட்டுவதற்குப் புள்ளி இல்லாததைவிட இதுதான் பெரிய காரணம். பிறர் செய்வதை எல்லாம் 'செய' எச்சத்தில் வைத்து, ஆயா செய்வதை மட்டும் 'செய்து' எச்சத்தில் வைத்தால் அவரைப் பின்தொடர்ந்துகொண்டே போகலாம். புள்ளி தந்த மூச்சுக்குப் பதிலாக ஏலத்தொகையே நிற்கட்டும்:

ஏலக்காரன் கூவ, எண்ணூறு, எவனோ தோள இடிச்சிக்கினு நொழைய, எண்ணூத்தம்பது, ஆயா அன்னக்கூடையத் தலமேல வச்சிக்கினு முன்னால போயி, தொள்ளாயிரம், முந்தானைல முடிஞ்ச துட்டத் தொட்டுப் பாத்து, தொள்ளாயிரத்தம்பது, கையத் தூக்குறா

தொகை ஏற ஏறப் படபடப்பும் ஏறும், மூச்சு விடவும் இடம் கிடைக்கும். 340 சொல்லை 180-க்குக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஒரு பக்கம். பக்கம் திரும்பிய பிறகும் புள்ளி வராவிட்டால் வாசகர் கண் புள்ளியைத் தேட ஆரம்பித்துவிடும், ஆயாவை விட்டுவிடும்.

பார்வைக்கோணம் ஓரிடத்தில் உடைகிறது. 'மேரியக்கா மனசுக்குள்ள இவ கடன் எப்ப தருவாளோன்னு நெனச்சா' என்கிறாள் பேத்தி. அவளுக்கு எப்படித் தெரியும்? இதைச் சரிசெய்ய வெட்ட வேண்டியதில்லை, சொல்லின் கடைசியில் 'ஆம்' என்ற ஈறு ஒன்று போதும். 'கடன் எப்ப வரும்னு மேரியக்காக்கு அப்பவே கவலையாம்.' பின்னால் யாரோ சொல்லிக் கேட்டது என்று ஆகிவிட்டது. கேள்விப்பட்டதைச் சொல்ல நம் மொழியிலேயே உருபு இருக்கும்போது பிள்ளையைக் கூடுவிட்டுக் கூடு பாய வைக்க வேண்டாம்.

'சொல்லாதே, காட்டு' என்றும் ஒரு விதி உண்டு: கோபம் என்று சொல்லாமல், அதைச் செயலில் காட்ட வேண்டும் என்பது. பேத்தி கதை சொல்கிறாள். சொல்லட்டும். 'ஆயாவுக்கு அன்னிக்கிக் கோவம்' என்ற வரி நன்றாகவே இருக்கிறது.

மீறவே முடியாத வகை ஒன்று இருக்கிறது: உலகத்தில் நடந்தது. கதையில் தடைக்காலம் 45 நாள் என்று வருகிறது. 2017-லிருந்து கிழக்குக் கடற்கரையில் அது 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எழுதுகிற வேகத்தில் பழைய எண் கைக்கு வந்திருக்கும். 'ஒரு படகும் போகல' என்பதும் திருத்த வேண்டியது. தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகும் கட்டுமரமும் போகும். ஆயாவின் கூடைக்குச் சங்கரா வந்ததே அப்படித்தானே? ஏழாம் பக்கத்தில் ஆயா தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுகிறார். 2019-ல் மெட்ரோ வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிட்டது, விம்கோ நகர்வரை ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் எழுதுகிற மொழியை நம்பி வருகிற உள்ளூர் வாசகர், இந்த மாதிரி ஓர் இடத்தில் கதையைக் கீழே வைத்துவிடுவார்.

அடுத்த பிரதிக்கு இப்படி வேலை செய்யுங்கள். அச்சு எடுத்து, வழக்கத்தை மீறிய இடம் ஒவ்வொன்றின்கீழும் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். ஓரத்தில் இரண்டு சிறு குறிப்பு: இந்த விதி என்ன வேலை பார்த்தது, இப்போது அதை எது பார்க்கிறது. இரண்டாவது குறிப்பு எழுத வராத இடத்தில் விதியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். 'புதுமையாக இருக்கும்' என்பதை இரண்டாவது குறிப்பாக எழுதாதீர்கள். பிறகு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு சுற்று, சொற்களை மட்டும் பாருங்கள். கைபேசியில் தட்டச்சு செய்தால் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், 'கீது' 'கீதா' ஆகிவிடக்கூடும். மூன்றாவதாக, சென்னைப் பேச்சு பழகாத ஒருவரிடம், கோவைக்காரரோ நாகர்கோவில்காரரோ, கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்துகொள்ளுங்கள், நடுவில் எதையும் விளக்காதீர்கள். ஒரு சொல் புரியாமல் தாண்டிப் போனால் பரவாயில்லை, பொருள் பின்னால் பிடிபடும். வரியை விட்டுத் திரும்பிப் போய்ப் படிக்கிறாரா என்று பாருங்கள். அப்படித் திரும்பிய இடங்களை மட்டும் திருத்தினால் போதும்.

மறுபடி அனுப்பும்போது ஆசிரியருக்கு மூன்று வரி எழுதுங்கள்: கதை முழுக்கப் பேத்தியின் பேச்சுமொழியில் இருக்கிறது, அங்காடிக் காட்சியில் மட்டும் மேற்கோள் குறியும் ஏலத்தில் முற்றுப்புள்ளியும் இல்லை, எழுத்துவடிவங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன், அப்படியே விடவும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்ற விளக்கம் வேண்டாம், அது கதையிலேயே தெரிய வேண்டும். பட்டியல் ஆசிரியரைவிட மெய்ப்புத் திருத்துபவருக்குத்தான் பயன்படும். அவர் கை பழக்கத்தில் 'பாத்துக்கினு' என்பதைப் 'பார்த்துக்கொண்டு' ஆக்கும், அங்காடிக் காட்சிக்குள் குறிகளைப் போடும். மெய்ப்பு உங்களுக்கு வந்தால் முதலில் அந்த ஏலப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். தொகைக்கு முன்னும் பின்னும் உள்ள காற்புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா, எங்கேயாவது ஒரு முற்றுப்புள்ளி நுழைந்திருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு மற்றப் பக்கங்களுக்குப் போங்கள்.